கறை வேறு, அசுத்தம் வேறு: பின்னலாடைகளும் நம் வீட்டுச் சலவையும்

பெருநாள் கழிந்த மறுநாள் நம் இல்லங்களில் சேரும் துணிகளைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். பிள்ளைகளின் டி-ஷர்ட்டில் பிரியாணியின் மஞ்சள் படிந்திருக்கும். வாப்பாவின் பனியனில் அத்தர் விழுந்த எண்ணெய்த் தடம் தெரியும். ஜெர்சி ஹிஜாபின் ஓரத்தில் தேநீர் சிந்தியிருக்கும். பின்னல் தொப்பியின் விளிம்பைச் சுற்றித் தலையெண்ணெயும் வியர்வையும் கலந்த பழுப்பு வளையம் ஒன்று இருக்கும். இவையனைத்தும் பின்னலாடைகள். எனினும், நெய்த சட்டையையும் கைலியையும் துவைக்கும் முறையே இவற்றுக்கும் பெரும்பாலான வீடுகளில் கையாளப்படுகிறது. கறை போகவில்லையெனில் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, பிளீச்சிங் திரவத்தில் ஊறவைத்துக் கறையோடு ஆடையும் கெடுகிறது. மற்றொன்று, "யாராவது ஏழைக்குக் கொடுத்துவிடலாம்" என்று அந்த ஆடை மூட்டைக்குள் போய்ச் சேருகிறது.

இவ்விரண்டுமே ஏற்கத்தக்கவை அல்ல என்பதே நம் கருத்து. முதலாவது பொருளை வீணாக்குகிறது. இரண்டாவது ஈகையின் கண்ணியத்தைக் குறைக்கிறது. இரண்டுக்கும் அடியில் ஒரே குழப்பம்தான் இருக்கிறது. கறையையும் அசுத்தத்தையும் ஒன்றெனக் கருதுகிறோம். கறை இருக்கும்வரை ஆடை தூய்மையாகவில்லை என்றும், எவ்வளவு கடுமையான மருந்தாயினும் வெண்மை வந்தால் போதும் என்றும் எண்ணும் மனநிலை அதிலிருந்தே பிறக்கிறது. மார்க்கம் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்திருக்கிறது. துணியின் இயல்பும் பொறுமையைத்தான் கேட்கிறது.

மார்க்கம் வகுத்த வேறுபாடு

ஆடைத் தூய்மை நமக்குச் சிறிய விஷயமன்று. தொடக்கக் காலத்தில் அருளப்பெற்ற அல்முத்தஸ்ஸிர் அத்தியாயத்திலேயே ஆடைகளைத் தூய்மையாக வைத்துக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு இறைக்கட்டளை வந்தது. தொழுகைக்கு உடலும் உடையும் இடமும் தூய்மையாயிருத்தல் வேண்டும் என்பதை மக்தபில் ஓதும் குழந்தையும் அறியும்.

ஆனால் இங்கு தூய்மை என்பது நஜீஸிலிருந்து நீங்குவதைக் குறிக்கும். மஞ்சளும் தேநீரும் எண்ணெயும் மருதாணியும் நஜீஸ் அல்ல. அவை பட்ட ஆடையுடன் தொழுதால் தொழுகைக்குக் குறை ஏதுமில்லை. இரத்தம் போன்றவை பட்டாலோ, கழுவுதல் கடமையாகிறது. மாதவிடாய் இரத்தம் பட்ட ஆடையைப் பற்றி ஒரு பெண்மணி வினவியபோது, அதைச் சுரண்டி, நீர்விட்டுத் தேய்த்து, அலசி, அதனுடனேயே தொழலாம் என்று அண்ணலார் வழிகாட்டியதை அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அறிவிக்கிறார்கள். கழுவிய பின்னும் தடம் போகவில்லையெனில் என்செய்வது என்ற கேள்விக்கு, நீரால் கழுவுவதே போதும், எஞ்சிய தடத்தால் கேடில்லை என்ற கருத்தில் விடை வந்ததாக அபூதாவூத் தொகுப்பில் ஓர் அறிவிப்பு உண்டு. வினவிய பெண்மணியிடம் ஓர் ஆடையே இருந்தது என்பது அதில் நாம் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி. முயன்றும் நீங்காத நிறம் மட்டும் எஞ்சினால் அது பொறுக்கப்படும் என்பதே ஃபிக்ஹு நூல்களின் பொதுவான நிலை. நுணுக்கமான ஐயங்களை நம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியலாம்.

ஆகவே, கறையை நீக்குவது அழகுக்காகவும் ஆடையின் ஆயுளுக்காகவும் செய்யும் முயற்சி. அது நன்று. தொழுமிடத்தில் அழகிய ஆடை அணியச் சொல்லும் அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31-ஆம் வசனமே, விரயம் செய்ய வேண்டாம் என்றும் எச்சரிக்கிறது. அழகை நாடுவதற்கும் ஆடையை அழிக்காதிருப்பதற்கும் அவ்வொரு வசனத்தில் வழி இருக்கிறது.

பின்னலின் இயல்பு

நெய்த துணியில் பாவும் ஊடுமாக நூல்கள் குறுக்கும் நெடுக்கும் இறுகிக் கிடக்கின்றன. பின்னல் துணியில் அவ்வாறில்லை. ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததற்குள் நுழைந்து நிற்கிறது. இதனாலேயே பனியன் உடலோடு இசைந்து நீளுகிறது. இதனாலேயே கல்லில் அடித்தால் உருக்குலைகிறது. கண்ணிகளுக்கு இடையே வெளி இருப்பதால் எண்ணெயும் குழம்பும் துணியின் மேற்பரப்பில் நில்லாமல் விரைந்து உள்ளே இறங்கிவிடுகின்றன. கறையின்மீது தூரிகையை வைத்து அழுத்தித் தேய்த்தால், கறை அகலுமுன் கண்ணிகள் இழுபட்டு அவ்விடம் பொங்கி நிற்கும். மேற்பரப்பில் சிறுசிறு பஞ்சுருண்டைகள் தோன்றும். கறை போன பின்னும் அந்த இடம் காட்டிக்கொடுக்கும்.

பின்னலாடை என்றாலும் நூல் ஒன்றல்ல. பருத்தி, ஈரத்திலும் வலிமை குறையாதது. ஓரளவு வெந்நீரையும் தாங்கும். கம்பளியும் பட்டும் புரதத்தாலானவை. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உள்ளன. சூடும் அலைப்பும் சேர்ந்தால் அச்செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, ஆடை சுருங்கித் தடித்துவிடும். அதை மீட்க வழியில்லை. பாலியஸ்டரும் அக்ரிலிக்கும் நீரை ஏற்பதில்லை, எண்ணெயையோ எளிதில் விடுவதில்லை. லெக்கின்ஸிலும் ஹிஜாபுகளிலும் மீள்தன்மைக்காகக் கலக்கப்படும் எலாஸ்டேன் நூலைக் குளோரின் சிதைக்கும்.

ஆகவே ஆடையின் உட்புறம் தைக்கப்பட்டுள்ள சிறு பட்டையைப் படிப்பது முதல் வேலை. நூலின் பெயர் அதில் இருக்கும். நீர்த்தொட்டிப் படத்துக்குள் கை இருந்தால் கையால் மட்டுமே துவைக்க வேண்டும். வெறும் முக்கோணம் எவ்வகை வெளுப்பானும் ஆகும் என்பதையும், உள்ளே இரு சாய்கோடுகள் கொண்ட முக்கோணம் ஆக்சிஜன் வகை வெளுப்பான் மட்டுமே ஆகும் என்பதையும், குறுக்கே அடிக்கப்பட்ட முக்கோணம் எந்த வெளுப்பானும் கூடாது என்பதையும் உணர்த்தும். சதுரத்துக்குள் கிடைக்கோடு இருந்தால் தொங்கவிடாமல் பரப்பி உலர்த்த வேண்டும். கழுத்தில் உறுத்துகிறது என்று இப்பட்டையை வெட்டி எறிபவர்கள், எறியுமுன் ஒருமுறை படித்து வைத்துக்கொள்வது நல்லது.

கறையைத் தொடுமுன்

எக்கறைக்கும் பொதுவான சில ஒழுங்குகள் உள்ளன.

கறை பட்டவுடன் தேய்க்காமல், உலர்ந்த வெள்ளைத் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்றினால் கறை பரவாது. பிறகு ஆடையை உட்புறம் வெளியே தெரியத் திருப்பி, கறையின் பின்பக்கத்திலிருந்து குளிர்ந்த நீரை மெல்ல ஊற்றினால், கறை வந்த வழியே திரும்பிச் செல்லும். முன்பக்கத்திலிருந்து ஊற்றினால் இன்னும் உள்ளே செல்லும்.

எப்பொருளைப் பயன்படுத்துவதாயினும், வெளியே தெரியாத ஓரமடிப்பில் ஒரு சொட்டு இட்டு, சாயம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் குளிர்ந்த நீரில் தொடங்குவது பாதுகாப்பானது. இரத்தம், பால், முட்டை முதலிய புரதக் கறைகள் வெந்நீர் பட்டால் நூலிலேயே இறுகிவிடும். கறை முழுவதும் நீங்கும்வரை இஸ்திரிப் பெட்டியை அண்டவிடக் கூடாது. இஸ்திரியின் சூடு பட்டபின் எண்ணெய்க் கறையையும் தேநீர்க் கறையையும் நீக்குவது மிகக் கடினம்.

பின்னலாடையை முறுக்கிப் பிழியவும் கூடாது. இரு கைகளாலும் அழுத்தி நீரை வடித்து, ஒரு துவாலையின்மீது பரப்பிச் சுருட்டி அழுத்தினால் ஈரம் இறங்கும். ஸ்வெட்டரைக் கொடியில் தொங்கவிட்டால் நீரின் எடையாலேயே அது நீண்டுவிடும். நிழலில் பரப்பி உலர்த்துவதே முறை.

கறைக்கேற்ற மருந்து

நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படுவது மஞ்சள் கலந்த குழம்புக் கறை. இதில் எண்ணெய், நிறம் என இரண்டு உள்ளன. எண்ணெய் நீங்காமல் நிறம் நீங்காது. ஆகவே முதலில் பாத்திரம் துலக்கும் திரவத்தில் சில சொட்டுகளைக் கறையின்மீது விரல் நுனியால் தடவி, கால் மணி நேரம் விட்டு அலச வேண்டும். சோப்பு பட்டவுடன் மஞ்சள் செந்நிறமாக மாறுவது கண்டு பலர் திகைத்து, கறை முற்றிவிட்டதாக எண்ணி மேன்மேலும் தேய்க்கின்றனர். மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தன்மையில் சிவக்கும். சுண்ணாம்பும் மஞ்சளும் சேர்ந்து ஆரத்திநீர் சிவப்பது இதனால்தான். நன்கு அலசினால் பழைய நிறத்துக்கே திரும்பும். அதன்பின் ஈரத்தோடு வெயிலில் காயவிடுவதே சிறந்த மருந்து. குர்குமின் ஒளி பட்டால் சிதையும் இயல்புடையது. ஒரு நாளில் போகாவிடில் மீண்டும் நனைத்து மறுநாளும் வெயிலில் இடலாம். நம் உம்மம்மாக்கள் எந்த வேதியியலும் படிக்காமலேயே இதை அறிந்திருந்தனர். நிறமுள்ள ஆடையாயின், அதன் சாயமும் வெளுக்கக்கூடும் என்பதால் கறை நீங்கியவுடன் நிழலுக்கு மாற்றிவிட வேண்டும்.

தொப்பியின் பழுப்பு வளையமும் அடிப்படையில் எண்ணெய்க் கறையே. விளிம்பு முழுவதும் பாத்திரத் திரவத்தைத் தடவி அரை மணி நேரம் விட்டு, மென்மையான பல்தூரிகையால் பின்னலின் போக்கிலேயே வருடி, வெதுவெதுப்பான நீரில் அலச வேண்டும். நெடுநாள் கறையாயின் இருமுறை செய்ய நேரிடும். அழுக்கு முற்றிலும் நீங்குமுன் கஞ்சி போட்டுவிடக் கூடாது; கஞ்சிக்குள் அழுக்கு சிறைப்பட்டுவிடும். அலசிய தொப்பியைக் கவிழ்த்த கிண்ணத்தின்மீது மாட்டி உலர்த்தினால் வடிவம் மாறாது.

அத்தர் எண்ணெய் சார்ந்தது. சிந்தியவுடன் முகப்பவுடரையோ சோளமாவையோ தூவி, அரை மணி நேரம் விட்டுத் தட்டிவிட்டால் எண்ணெயின் பெரும்பகுதியை அது உறிஞ்சிவிடும். எஞ்சியதைப் பாத்திரத் திரவம் நீக்கும். அத்தரை ஆடையில் பூசாமல் மணிக்கட்டிலும் தாடியிலும் பூசிக்கொண்டால் இந்தச் சிரமமே எழாது.

தேநீர்க் கறைக்குக் கட்டிச் சோப்பு ஏற்றதன்று. தேயிலையிலுள்ள டானின் சோப்பினால் நூலில் இன்னும் இறுகக்கூடும். குளிர்ந்த நீரில் அலசி, திரவச் சலவைப் பொருளால் பாலின் கொழுப்பை நீக்கிய பின், ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு நீர் கலந்து ஒற்றியெடுக்கலாம்.

இரத்தக் கறைக்குக் குளிர்ந்த நீரே முதல் மருந்து. உப்பு கரைத்த குளிர்ந்த நீரில் ஊறவைத்து அலச, பெரும்பகுதி நீங்கும். வெள்ளைப் பருத்தியாயின், மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை 3 விழுக்காட்டு அளவுக்கு நீர்த்துச் சில சொட்டுகள் இட்டு, நுரை அடங்கியதும் அலசலாம். கடையில் வாங்கியது 6 விழுக்காடெனில் சம அளவு நீர் சேர்த்தால் போதும். சாயமிட்ட ஆடையில் ஓரத்தில் சோதித்துப் பார்க்காமல் இதை இடக் கூடாது.

அக்குளின் மஞ்சள் தடம் வியர்வையாலும், வியர்வை தடுப்பான்களில் உள்ள அலுமினிய உப்புகளாலும் உண்டாவது. சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி ஒரு மணி நேரம் விட்டு அலசலாம். பருத்தியாயின், ஆக்சிஜன் வகை வெளுப்பானை வெதுவெதுப்பான நீரில் கரைத்துச் சில மணி நேரம் ஊறவைப்பது இன்னும் பயன் தரும். குளோரின் பிளீச்சிங் இக்கறையைக் குறைக்காது. மஞ்சளை மேலும் கூட்டிவிடும்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு மிகுந்த ஊர்களில் வெள்ளை பனியன்கள் செம்பழுப்பாவதுண்டு. துருக் கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் இட்டு வெயிலில் சிறிது நேரம் வைத்து அலசலாம். இங்கும் குளோரின் கேடு செய்யும். துருவை அது இன்னும் அழுத்தமாகப் பதிய வைக்கும்.

மருதாணியைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அதன் சாயம் புரதத்தோடு பிணையும் தன்மையுடையது. கையிலும் முடியிலும் சிவப்பது அதனாலேயே. கம்பளியும் புரதமாதலால், கம்பளி ஸ்வெட்டரில் பதிந்த மருதாணி கறையாக நில்லாமல் சாயமாகவே ஆகிவிடுகிறது. பருத்தியில் உடனே அலசினால் பெரும்பாலும் நீங்கும். எஞ்சியதற்கு வெள்ளை ஆடையில் பெராக்சைடு உதவும்.

கம்பளிக்கென்று சில விலக்குகள் உள்ளன. வெந்நீர், சலவை சோடா, குளோரின், புரதத்தை அரிக்கும் நொதிகள் கலந்த சலவைத்தூள் ஆகிய நான்கும் ஆகாது. பூந்திக்கொட்டையை ஊறவைத்து எடுத்த நுரைநீர் கம்பளிக்கு மிகவும் இணக்கமானது. அலசும் நீரும் துவைத்த நீரும் ஒரே வெம்மையில் இருக்கட்டும். நீலகிரியிலும் வால்பாறையிலும் வாழ்வோருக்கு இவை பழக்கமானவை. ஸ்வெட்டர் தேவைப்படாத சமவெளியில் வாழ்ந்து, வேலைக்கென்று குளிர்நாடுகளுக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி அனுப்ப வேண்டும்.

வெண்மையின் பெயரால்

"வெண்ணிற ஆடை நபிகளார் விரும்பிய ஆடையாயிற்றே, அது வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டாமா? அதற்கு பிளீச்சிங்கை விட்டால் வேறு வழி என்ன?" என்று கேட்போர் உண்டு. வெண்ணிற ஆடையின் சிறப்பில் நமக்கும் ஐயமில்லை. ஆனால் வெண்மை என்ற சொல்லால் சலவை விளம்பரங்கள் காட்டும் கண்கூசும் பளபளப்பைப் புரிந்துகொள்வது சரியன்று. அந்தப் பளபளப்பு பெரும்பாலும் புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக உமிழும் வேதிப்பொருள்களால் கண்ணுக்குத் தோன்றுவது. சொட்டு நீலமும் கறையை நீக்குவதில்லை. மஞ்சளைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கிறது, அவ்வளவே.

குளோரின் பிளீச்சிங் பருத்தியின் வலிமையைக் குறைக்கிறது. கம்பளியைக் கரைக்கவே செய்கிறது. எலாஸ்டேனைத் தளர்த்துகிறது. இரண்டாண்டு உழைக்க வேண்டிய பனியன் சில மாதங்களில் தொட்டால் கிழிகிறது. இவற்றினும் பெரிய ஆபத்தும் உண்டு. ஒரு பொருளால் போகாத கறை இரு பொருள்களைக் கலந்தால் போய்விடும் என்று எண்ணி, பிளீச்சிங் திரவத்துடன் வினிகரையோ கழிப்பறை சுத்தம் செய்யும் அமிலத்தையோ கலப்பவர்கள் இருக்கின்றனர். அக்கலவையிலிருந்து குளோரின் வாயு வெளியாகும். சாளரமில்லாத சிறிய குளியலறையில், ஆஸ்துமா உள்ள ஒரு தாய் அதைச் சுவாசித்தால் உயிருக்கே ஆபத்து நேரும். ஒரு கறைக்காக ஓர் உயிரைப் பணயம் வைப்பதை எந்தத் தூய்மையும் நியாயப்படுத்தாது. இந்த எச்சரிக்கையை மட்டுமேனும் இன்றே வீட்டில் உள்ள அனைவருக்கும், வேலைக்கு வரும் சகோதரிக்கும் சொல்லிவிடுங்கள்.

ஒரு பனியனின் விலை

"புதிய டி-ஷர்ட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, இவ்வளவு பாடு எதற்கு?" என்பது மற்றொரு கேள்வி. கடையில் ஒட்டப்பட்ட விலை அந்த ஆடையின் முழு விலையன்று. இந்தியாவின் பின்னலாடைத் தொழிலுக்குத் தலைமையிடம் நம் திருப்பூர். அங்கு சாயமேற்றிய கழிவுநீர் பல ஆண்டுகளாக நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. உழவர்கள் நிலத்தையும் கிணற்றையும் இழந்து நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. அதனால் தொழிலாளர்கள் வேலையிழந்து தவித்தனர். கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு ஆலைகள் பின்னர் மாற வேண்டியிருந்தது.

நாம் உடுத்தும் ஒவ்வொரு நிறப் பனியனுக்குப் பின்னாலும் இந்த நீரும் நிலமும் உழைப்பும் இருக்கின்றன. ஒரு முத் அளவு நீரில் உளூ செய்து காட்டிய நபிகளாரைப் பின்பற்றும் சமுதாயம், ஒரு மஞ்சள் புள்ளிக்காக ஒரு முழு ஆடையைக் குப்பையில் போடுவது பொருந்துமா? ஓர் ஆடை இன்னும் ஓராண்டு உழைத்தால், அந்த ஓராண்டு வேறோர் ஆடைக்குச் சாயமேற்ற வேண்டிய தேவை குறைகிறது.

எஞ்சிய கறையும் ஈகையும்

எல்லாம் செய்த பின்னும் சில கறைகள் போகா. அப்போது நிறுத்திக்கொள்ளத் தெரிய வேண்டும். இரண்டு மூன்று முறை முயன்ற பின் ஆடைக்கு ஓய்வு கொடுங்கள். மங்கிய தடம் உள்ள பனியன் சட்டைக்குள் அணிய ஏற்றதே. குழந்தையின் டி-ஷர்ட்டில் கறை உள்ள இடத்தில் ஒரு சிறிய பூத்தையல் போடலாம். வெளிர்நிறப் பருத்தியை வீட்டிலேயே அடர்நிறச் சாயத்தில் நனைக்கலாம். அதற்கும் ஆகாததைத் துடைக்கும் துணியாக்கலாம்; பழைய பனியனைப்போல் ஈரத்தை உறிஞ்சும் துணி கிடைப்பதரிது.

ஆனால், நாம் அணிய நாணும் ஒன்றை ஸதகா என்ற பெயரில் கொடுப்பதை எவ்வாறு ஏற்பது? கண்களை மூடிக்கொண்டாலன்றித் தாம் பெற்றுக்கொள்ள விரும்பாத மட்டமான பொருளைத் தேர்ந்தெடுத்துத் தர்மம் செய்ய வேண்டாம் என்று அல்பகரா அத்தியாயம் கண்டிக்கிறது. வெள்ளம் வந்தபோதும் புயல் வீசியபோதும் நிவாரண முகாம்களுக்கு வந்து சேர்ந்த துணி மூட்டைகளைப் பிரித்துப் பார்த்த தொண்டர்களைக் கேட்டால் தெரியும், அவற்றில் எவ்வளவு துணி எவரும் அணிய முடியாததாக இருந்தது என்று. வீட்டை இழந்தவர் அழகையும் தன்மானத்தையும் இழந்துவிடவில்லை. கொடுக்க நினைக்கும் ஆடையைத் துவைத்து, கறை நீக்கி, அறுந்த பொத்தானைத் தைத்து, மடித்துக் கொடுப்போம். அந்த அரை மணி நேர உழைப்பும் தர்மத்தின் ஒரு பகுதியே.

மற்றொன்றும் இங்குச் சொல்ல வேண்டும். மஸ்ஜிதின் வரிசையில் பக்கத்தில் நிற்பவரின் பனியனில் கறை தெரிந்தால், அதை வைத்து அவரை அளக்காதிருப்போம். அவர் பணிமனையிலிருந்து பாங்கு கேட்டு ஓடிவந்தவராக இருக்கலாம். மக்தபில் தொப்பி மங்கிய பிள்ளையைப் பிற பிள்ளைகள் கேலி செய்தால், உஸ்தாத் அதைத் தடுக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு அது ஒன்றுதான் இருக்கக்கூடும்.

யாருடைய வேலை?

கறை நீக்குவதைப் பற்றி எழுதினாலே அது பெண்களுக்கான குறிப்பு என்று ஆண்கள் பக்கத்தைத் திருப்பிவிடுகின்றனர். "இந்தக் கறை ஏன் போகவில்லை?" என்ற கேள்வியோ, துவைப்பவரை நோக்கியே வருகிறது. சிந்தியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. இது நீதியன்று.

நபிகளார் வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று வினவப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) விடையளித்தார்கள். தம் ஆடையைத் தாமே தைத்ததும் காலணியைத் தாமே செப்பனிட்டதும் அறிவிப்புகளில் வந்துள்ளன. வெண்ணிற ஆடையில் சுன்னத்தைத் தேடும் ஆண்மகன், அதைத் துவைப்பதிலும் சுன்னத்தைத் தேடலாமே! குறைந்த அளவு, கறை பட்ட ஐந்து நிமிடத்துக்குள் அதை ஒற்றி, குளிர்ந்த நீரில் நனைத்து வைக்கும் பொறுப்பு அணிந்தவருடையதாக இருக்கட்டும். கறை நீக்குவதில் பாதி வெற்றி அந்த ஐந்து நிமிடத்தில்தான் இருக்கிறது. மூன்று நாள் கழித்துக் கூடையிலிருந்து எடுக்கும் உம்மாவின் கையில் இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு, மகனாயினும் மகளாயினும், தன் தொப்பியையும் தன் பனியனையும் துவைக்கக் கற்பிப்பது உளூவைக் கற்பிப்பதற்கு அடுத்துச் செய்ய வேண்டிய நற்பயிற்சி.

அன்பு வாசகர்களே, இவ்வாரம் வீட்டில் ஒதுக்கி வைத்துள்ள பின்னலாடை ஒன்றை எடுங்கள். பட்டையைப் படியுங்கள், கறை எதனால் வந்தது என்று கண்டறியுங்கள், மென்மையாக முயலுங்கள். போனால் மகிழுங்கள். நஜீஸ் நீங்கி நிறம் மட்டும் எஞ்சினால், மனக்கலக்கமின்றி அணிந்து தொழுங்கள். வல்ல இறைவன் நம் ஆடைகளோடு உள்ளங்களையும் தூய்மையாக்கி, விரயத்திலிருந்தும் வீண் பெருமையிலிருந்தும் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.